50 வயதில் வி.ஆர்.எஸ். நோட்டீஸ்: அண்ணன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி இது: "என் அண்ணனுக்கு 50 வயது. சென்னைக்கு வெளியே ஒரு பெரிய இன்ஜினியரிங் கம்பெனியில் 26 வருஷமாக நிரந்தரத் தொழிலாளி. ஓய்வு வயது 58. போன வாரம் நோட்டீஸ் போர்டில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வுத் திட்டம்) அறிவிப்பு ஒட்டினார்கள், 20 நாள் அவகாசம். எச்.ஆர். அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் வட இந்தியாவில் இருக்கும் பிளான்ட்டுக்கு டிரான்ஸ்பர் என்கிறார்கள். வாங்கலாமா? நன்றாக வேலை செய்யும் சீனியர்களையே ஏன் குறி வைக்கிறார்கள்?"

இரண்டாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ரிடையர் ஆகும் வரை நான் தொழிற்சாலை பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தவன். எச்.ஆர். என்று போர்டு மாறிய பிறகும் அதே நாற்காலிதான். வி.ஆர்.எஸ். வந்தால் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதும் அந்த வேலையில் அடக்கம். அந்தப் பக்கத்துக் கணக்கு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அண்ணன் வேலையில் குறை கண்டு அவரைக் கூப்பிடவில்லை. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு ஊதிய ஒப்பந்தம், நடுவில் பஞ்சப்படி உயர்வு என்று 26 வருஷத்தில் அவர் சம்பளம் ஏறி வந்திருக்கிறது. பக்கத்து மெஷினில் நிற்கும் டிரெய்னிக்கு அதில் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று கம்பெனி நினைக்கிறது. கம்பெனி இயக்குநர்கள் கூட்டத்துக்குப் போகும் குறிப்பில் 'பே-பேக்' என்று ஒரு வரி இருக்கும். கொடுக்கிற பணம் எத்தனை மாதச் சம்பள மிச்சத்தில் திரும்பி வரும் என்ற கணக்கு அது. இரண்டு இரண்டரை வருஷம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. வரிச் சட்டமும் கம்பெனிக்குக் கை கொடுக்கிறது: வி.ஆர்.எஸ்.ஸுக்குச் செலவானதை ஐந்து வருஷத்தில் ஐந்து சம பங்காக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

சரி, சம்பளம் அதிகம் என்றால் கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சுற்று? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆட்குறைப்பு செய்தால், அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது நம் சட்டம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. வரிசையை மாற்ற வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் 100 பேர், புதிய சட்டத்தில் 300 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் ஆட்குறைப்புக்கு முன்பே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக சட்டப்படிப் போனால் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும், அது கிடைத்தாலும் முதலில் போவது சம்பளம் குறைந்த இளவட்டங்கள். கம்பெனிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். வேலையாள் தானாகவே எழுதிக் கொடுத்துப் போவதைச் சட்டம் ஆட்குறைப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. அனுமதியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்து போதும்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் பணம். அண்ணன் உழைப்புக்கான பரிசு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள். ஆட்குறைப்புக்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். வி.ஆர்.எஸ்.ஸில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தருகிறார்கள் என்றால், அந்தக் கூடுதல் முழுக்க அவர் விட்டுக்கொடுக்கும் உரிமைக்கு அவர்கள் போட்ட விலை. விலை என்று வந்துவிட்டால் அதில் பேரம் உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பேச்சு சுற்றுச் சுற்றாக நீண்டது, கடைசியில் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரியாகச் சுமார் 130 நாள் மொத்தச் சம்பளம் என்று முடிந்தது. அது ஆலை மூடல், உங்கள் அண்ணன் விஷயம் வேறு. ஆனாலும் நோட்டீஸில் வரும் முதல் எண் கடைசி எண் இல்லை என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இதில் வயதுகூட இரண்டாம்பட்சம்தான் என்பேன். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைக்கூடத் தாண்டாதவர்கள். அங்கேயும் விலைக்கு வாங்கப்பட்டது நிரந்தர வேலை என்ற உரிமை. சீனியர்களிடம் அந்த உரிமையும் சம்பளமும் சேர்ந்து இருப்பதால் முதல் அழைப்பு அவர்களுக்கு வருகிறது.

உரிமை எவ்வளவு கெட்டியோ, தள்ளுகிற கையும் அவ்வளவு கெட்டியாக இருக்கும். இதன் உச்சத்தைப் பார்க்க பிரான்ஸ் டெலிகாம் கதையைப் பார்க்க வேண்டும். அரசுத் துறையாக இருந்து தனியார்மயமான கம்பெனி. ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்தவர்கள், வேலையைவிட்டு நீக்க முடியாது. 22,000 பேரை மூன்று வருஷத்துக்குள் வெளியேற்றத் திட்டம் போட்டார்கள். 2006இல் மேலாளர்கள் கூட்டத்தில் தலைமை நிர்வாகி திதியே லொம்பார், "ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ, எப்படியாவது ஆட்களை வெளியேற்றுவேன்" என்று பேசினார். அதன் பிறகு கட்டாய இடமாற்றம், பழக்கமில்லாத வேலை, வேலையே தராமல் உட்காரவைப்பது எல்லாம் நடந்தது. ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் லொம்பார் உள்ளிட்ட அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது. கம்பெனிக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதமே 75,000 யூரோதான். நிறுவனமே திட்டமிட்டு ஊழியர்களை மனரீதியாகத் துன்புறுத்துவது குற்றம் என்ற அந்த நிலைப்பாட்டை பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதி செய்தது.

நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கலாம். முறை அதேதான், அளவுதான் சின்னது. வி.ஆர்.எஸ். அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே எச்.ஆர்.இல் ஒரு எக்செல் ஷீட் தயாராக இருக்கும். பேர், வயது, சர்வீஸ், பேசிக் என்று வழக்கமான கட்டங்கள். அப்புறம் வழக்கத்தில் இல்லாத சில கட்டங்கள்: சொசைட்டி லோன் பாக்கி எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு, மெடிக்கல் கிளெய்ம் அடிக்கடி போடுகிறவரா, கல்யாண வயதில் பெண் இருக்கிறாளா. கையெழுத்துப் போடுவார் என்று தோன்றுகிறவருக்குப் பச்சை, இழுப்பார் என்று தோன்றுகிறவருக்கு மஞ்சள், யூனியன்காரருக்குச் சிவப்பு. முதலில் கூப்பிடுவது பச்சையை. கடன் நெருக்கும் ஒருவர் முதல் நாளே கையெழுத்துப் போட்டால், மதியம் கேன்டீனில் "அவரே போட்டுட்டாரா?" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். மிச்ச வேலையை அந்தப் பேச்சு பார்த்துக்கொள்ளும். உங்கள் அண்ணனை அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு முறை கூப்பிட்டார்கள் என்றால் அவர் எந்த நிறத்தில் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வதந்தி. "இதுதான் கடைசி ஸ்கீம், அடுத்தது இதைவிடக் கம்மி", "லைனை வேற ஊருக்கு மாத்தறாங்க", "ஓய்வு வயதைக் குறைக்கப் போறாங்க". இதை எவரும் எழுத்தில் தரமாட்டார்கள். ஓவர்டைம் நிற்கும், பஸ் ரூட் வெட்டப்படும், 20 வருஷம் ஒரே மெஷினில் நின்றவரை ஸ்டோர்ஸில் பெட்டி எண்ணச் சொல்வார்கள். சில இடங்களில் வீட்டுக்கே போன் போட்டு மனைவியிடம், "சார் யோசிக்கிறார், நீங்க எடுத்துச் சொல்லுங்கம்மா" என்பார்கள். இது எனக்கு எப்போதும் அருவருப்பான வேலையாகத்தான் பட்டது.

அந்த எக்செல் ஷீட்டே இல்லாத இடங்களும் உண்டு. மேனேஜர்கள், ஐ.டி. துறையில் நடுநிலை, மேல்நிலையில் இருப்பவர்கள். சட்டப்படி 'தொழிலாளி' இல்லை என்று கம்பெனி இவர்களை ஒதுக்கிவைத்திருப்பதால் கையெழுத்துக்கு அங்கே பெரிய விலை கிடையாது. புராஜெக்டில் இருந்து விடுவித்து பெஞ்சில் உட்காரவைப்பது, அப்ரைசலில் கடைசி ரேட்டிங், 'வேலையில் முன்னேறிக் காட்டு' என்று மூன்று மாதம் கெடு வைக்கும் பி.ஐ.பி., பிறகு "நீங்களே ராஜினாமா எழுதிட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் சுத்தமா வரும்". 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாகவும், அதில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைக்காரர்கள் என்றும் அறிவித்ததே, நினைவிருக்கும். தனியார் வேலையில் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 1967இலேயே அப்படி ஒரு சட்டம் வந்தது. உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வாங்குவதானால், கூட்டாக ஆட்களை அனுப்பும்போது 45 நாள் யோசிக்க அவகாசம், கையெழுத்துக்குப் பிறகும் 7 நாள் மனம் மாற அவகாசம், யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வயதுப் பட்டியல் எல்லாம் தர வேண்டும் என்று 1990இல் சேர்த்தார்கள். உங்கள் அண்ணனுக்குக் கிடைத்திருப்பது 20 நாள்.

இனி பணத்துக்கு வருவோம். நீங்கள் தொகை எதுவும் எழுதவில்லை. பொதுத்துறையில் 'குஜராத் மாடல்' என்று ஒரு கணக்கு உண்டு: முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். தனியார் கம்பெனிகளும் இதைப் பார்த்துப் போடுவதுண்டு என்பதால் அதையே வைத்துப் பார்க்கிறேன். பேசிக், டி.ஏ. (பஞ்சப்படி) சேர்ந்து 60,000, மொத்தச் சம்பளம் 85,000 என்று வைத்துக்கொள்வோம். 26 வருஷத்துக்கு 910 நாள், மிச்சம் 8 வருஷத்துக்கு 200 நாள், ஆக 1,110 நாள். நாளுக்கு 2,000 வீதம் 22 லட்சத்து 20 ஆயிரம்.

ஆனால் எச்.ஆர். கையில் கொடுக்கும் தாளில் இந்த எண் தனியாக இருக்காது. "மொத்தம் 58 லட்சம்" என்று தடித்த எழுத்தில் இருக்கும். பி.எஃப். இருப்பு 24 லட்சம், கிராஜுவிட்டி 9 லட்சம், லீவு சம்பளம் 2 லட்சத்து 80 ஆயிரம் எல்லாவற்றையும் கூட்டியிருப்பார்கள். அந்த 36 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை அண்ணனுடைய சொந்தப் பணம். நாளைக்கே சாதாரணமாக வேலையை விட்டாலும் அது வர வேண்டியதுதான். ஆகவே முதல் வேலை, அந்தத் தாளில் இவை மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. அடுத்து, 'ஒரு நாள் சம்பளம்' என்பது பேசிக்கா, பேசிக்கும் டி.ஏ.வுமா, மொத்தமா, மாதத்தை 26ஆல் வகுத்ததா 30ஆல் வகுத்ததா என்று கேட்க வேண்டும். ஃபோர்டில் மொத்தச் சம்பளத்தில் பேசி முடித்தார்கள் என்று மேலே சொன்னேன். இந்த ஒரு வார்த்தையிலேயே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 58 வரை 96 மாதம். ஒரு பைசா உயர்வு இல்லாமலே 85,000 வீதம் 81 லட்சத்து 60 ஆயிரம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம். கிராஜுவிட்டியில் கூடும் 8 வருஷத்துக்குச் சுமார் 2 லட்சத்து 77 ஆயிரம். ஏறக்குறைய 91 லட்சத்தை விட்டுவிட்டு 22 லட்சத்தைக் கையில் வாங்குகிறார். வேலையில் இருந்தால் எட்டு வருஷம் உழைக்க வேண்டும், வெளியே வந்தால் அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் 50 வயதில், 26 வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவருக்கு வெளியே என்ன சம்பளம் கிடைக்கும் என்று ஊரில் விசாரித்துப் பாருங்கள். 22 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 13,000க்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

"பி.எஸ்.என்.எல்.இல் எங்க மாமா வாங்கினார், நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பி.எஸ்.என்.எல். கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019இல் அங்கே சம்பளமே தேதிக்கு வரவில்லை. பிப்ரவரிச் சம்பளம் தள்ளிப்போனபோது பலருக்கு நம்பவே முடியவில்லை. ஓய்வு வயதை 58 ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அக்டோபரில் மத்திய அமைச்சரவை மீட்புத் திட்டத்தை அறிவித்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை வி.ஆர்.எஸ். ஜன்னல் திறந்திருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே 35 நாள், 25 நாள் கணக்கு. 78,500க்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். மொத்த ஊழியர்களில் பாதிப் பேர். சம்பளம் தள்ளிப்போனதும் வதந்தியும் அவர்களைத் தள்ளின என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு பேர் துணிந்ததற்குப் பெரிய காரணம் வேறு. தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்து பி.எஸ்.என்.எல்.லுக்கு வந்தவர்களுக்கு அரசு பென்ஷன் உண்டு. வெளியே வந்த மறுமாதமே பென்ஷன், அதற்குப் பஞ்சப்படி, அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

உங்கள் அண்ணனுக்கு இருப்பது பி.எஃப். பென்ஷன். அதன் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். வரம்பு முழுவதையும் எல்லா வருஷத்துக்கும் வைத்து, 26 வருஷ சர்வீஸோடு திட்டம் தரும் இரண்டு வருஷ போனஸையும் சேர்த்துப் போட்டால்கூட, பென்ஷன் சூத்திரப்படி 15,000 × 28 ÷ 70 = மாதம் 6,000 ரூபாய். 2014க்கு முந்தைய வருஷங்களுக்கு வரம்பு 6,500தான் என்பதால் உண்மையில் வருவது இன்னும் குறைவு. அதுவும் 58இல். 50இலேயே வேண்டும் என்றால் தரலாம், ஆனால் முன்கூட்டி எடுக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீத வெட்டு, அதுவும் ஆயுசு முழுக்க. மாமாவையும் அண்ணனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று சொல்வது இதனால்தான். 60 வயது ஆகாதவர்களுக்குத் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் வி.ஆர்.எஸ்.ஸில் வந்தவர் என்றால் 55க்கு மேல்தான் திறக்கும். 50க்குக் கதவு மூடியிருக்கிறது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. வி.ஆர்.எஸ். தொகையில் 5 லட்சம் வரைதான் வரிவிலக்கு, அதுவும் ஆயுளில் ஒரே முறை. பல பத்தாண்டுகளாக அந்த 5 லட்சம் அசையவே இல்லை. அதற்கும் ஸ்கீம் வருமான வரி விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும்: காலியிடத்தை நிரப்பக்கூடாது, போனவரை அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் சேர்க்கக்கூடாது என்றெல்லாம் உண்டு. விதிக்கு உட்பட்ட ஸ்கீம்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 5 லட்சத்துக்கு மேல் வருவது அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். மார்ச் மாதம் வாங்கினால் முழு வருஷச் சம்பளத்தின் தலையில் ஏறும், ஏப்ரலில் வாங்கினால் அப்படி இல்லை. தேதியைத் தள்ளிக் கேட்பதில் தப்பே இல்லை, கம்பெனிக்கு இதில் நஷ்டமும் இல்லை.

இப்போது ஃபார்ம். "எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி, முழு மனதுடன், சொந்தக் காரணங்களுக்காக" என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். கீழே கையெழுத்து, பக்கத்தில் இரண்டு சாட்சி, சாட்சிகளும் எச்.ஆர். ஆட்களாகவே இருப்பார்கள். பின்னால் மிரட்டி வாங்கினார்கள் என்று சொன்னால் நிரூபிக்கும் சுமை அண்ணன் தலையில் விழும். நிஜமாகவே மிரட்டல் இருந்தால் அன்றைக்கே, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் புகாரை யாரும் மதிப்பதில்லை.

ஃபார்மின் தலைப்பில் வி.ஆர்.எஸ். என்றுதான் இருக்கிறதா, ராஜினாமா என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ராஜினாமா என்றால் அந்த 5 லட்ச விலக்கும் போய்விடும். எழுதிக் கொடுத்த பின் மனம் மாறினால் என்ன செய்வது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு பொதுத்துறை வங்கிகளில் வந்த வி.ஆர்.எஸ்.ஸில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். அதில் சிலர் வாபஸ் கேட்டு வழக்குப் போட்டார்கள். பேங்க் ஆஃப் இந்தியா எதிர் ஓ.பி. ஸ்வர்ணகார் என்ற அந்த வழக்கில், ஊழியர் கொடுக்கும் விண்ணப்பம்தான் முன்மொழிவு, நிர்வாகம் ஏற்கும் வரை அதைத் திரும்பப் பெறலாம் என்றது நீதிமன்றம். பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் அந்த வழி இல்லை. ஆகவே மனம் ஊசலாடும்போது கணக்கில் பணம் ஏறிவிட்டால், அதைத் தொடாமல் உடனே எழுதிப்போட வேண்டும்.

2003இல் ஏ.கே. பிந்தல் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: வி.ஆர்.எஸ். பணத்தோடு உறவு முடிந்தது, பின்னால் வரும் சம்பள உயர்வுக்கு உரிமை கோர முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊதிய ஒப்பந்தம் முடிந்து புதியது பேச்சில் இருக்கும் நேரம் பார்த்து வி.ஆர்.எஸ். அறிவிப்பது பழைய பழக்கம். புதிய ஒப்பந்தம் கையெழுத்தானால் பேசிக் ஏறும், நாள் கணக்கும் ஏறும். உங்கள் அண்ணன் கம்பெனியில் ஒப்பந்தம் நிலுவையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், அரியர்ஸும் திருத்திய பேசிக்கில் வி.ஆர்.எஸ். வித்தியாசமும் உண்டு என்று ஒரு வரி ஃபார்மிலேயே வர வேண்டும்.

கடன் இருந்தால் அதுவும் அன்றைக்கே பிடிபடும். கம்பெனி வீட்டுக் கடன், சொசைட்டி லோன், ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் எல்லாம் போக மிச்சம்தான் கணக்கில் ஏறும். இன்னொன்று, கம்பெனியின் குரூப் மெடிக்ளெய்ம் கடைசி வேலை நாளோடு முடியும். அண்ணனுக்கோ அண்ணிக்கோ சர்க்கரை, பி.பி. இருந்தால், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம்.

டிரான்ஸ்பர் மிரட்டலுக்கு வருகிறேன். நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "இந்தியாவில் எங்கும் மாற்றலாம்" என்ற ஷரத்து இருந்தால் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. ஷரத்து இல்லாவிட்டாலோ, கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணைகளில் தொழிலாளிக்கு ஊர் மாற்றல் இல்லாவிட்டாலோ அந்த மிரட்டலில் பாதி காற்று. வி.ஆர்.எஸ். மறுத்தவர்களுக்கு மட்டும் வரிசையாக உத்தரவு வந்தால் அது பழிவாங்கல் என்று காட்ட யூனியனுக்கு நல்ல பிடி. அந்தப் பட்டியலைத் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். எச்.ஆர். வாயால் சொன்னதை அண்ணன் ஒரு மெயிலாக அவர்களுக்கே திருப்பி எழுதலாம்: "இன்று நடந்த பேச்சில் வி.ஆர்.எஸ். ஏற்காவிட்டால் மாற்றல் என்றீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" பதில் வராது. பெரும்பாலும் மூன்றாவது அழைப்பும் வராது. உத்தரவே வந்துவிட்டால் போகாமல் வீட்டில் உட்காருவது மகா தவறு, வேலைக்கு வராதவர் என்று விசாரணை வைத்து வி.ஆர்.எஸ். பணத்தில் ஒரு பைசா தராமல் அனுப்ப நல்ல வழி கிடைத்தது என்று அவர்கள் நினைப்பார்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, சமரச அலுவலரிடம் தகராறு எழுப்பிவிட்டு, அங்கே போய்ச் சேர வேண்டும்.

வாங்கலாமா என்றால், ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷமே இருக்கிறவர், உடம்பு ஷிஃப்டுக்குத் தாங்காதவர், கையில் தனியாகச் சம்பாதிக்கும் தொழில் உள்ளவர், இவர்களுக்கு வி.ஆர்.எஸ். நல்லதாகவே அமையும். கம்பெனி நிஜமாகவே மூடப்போகிற நிலையில் இருந்தாலும் முன்னால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அதற்கு வதந்தியை நம்பாமல் கடைசி மூன்று வருஷ ஆண்டறிக்கையைப் பாருங்கள், லாபத்தில் ஓடும் கம்பெனி அவசரப்பட்டு மூடாது. எட்டு வருஷம் மிச்சமுள்ள, நல்ல உடம்போடு இருக்கும் உங்கள் அண்ணன், மேலே போட்டது போன்ற 22 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து. யூனியன் வழியாகப் போய், மொத்தச் சம்பளத்தில் நாள் கணக்கு, 58 வரை குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம், நிலுவை ஒப்பந்தத்தின் அரியர்ஸ் மூன்றையும் எழுத்தில் கேட்கட்டும். 20 நாள் முடிவதற்குள் பதில் வராவிட்டால் ஃபார்மை நிரப்பாமல் ஷிஃப்டுக்குப் போகட்டும். போதுமான ஆட்கள் எழுதிக் கொடுக்காத ஸ்கீமுக்குத் தேதி நீட்டிப்பும், பல நேரம் தொகை உயர்வும் வரும். நானே அப்படி நீட்டிப்பு நோட்டீஸ் டைப் அடித்து ஒட்டியிருக்கிறேன்.